மிகை டிரைகிளிசரைடும் சைக்ளோஸ்போரின் அளவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி நாற்பதுகளில் இருக்கும் ஆண், எடை 62 கிலோ. உறவினர் கொடுத்த சிறுநீரகம் பொருத்தப்பட்டு 16 மாதங்கள் ஆகியிருந்தன. எடுத்துவந்த மருந்துகள்: பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கச் சைக்ளோஸ்போரின் மைக்ரோஎமல்ஷன் 125 மி.கி. காலை, இரவு, மைக்கோஃபீனோலேட் மொஃபெட்டில் 1 கிராம் இரு வேளை, பிரெட்னிசோலோன் 5 மி.கி.; ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. மாற்று அறுவைக்குப் பின் எட்டாவது மாதத்தில் சர்க்கரை நோய் தலைகாட்டியது. அதற்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. அதை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சைக்ளோஸ்போரினைக் கண்காணிக்க, அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் எடுக்கும் முழு ரத்த அளவு, அதாவது சி-ஜீரோ, பயன்பட்டது. இவருக்கு வைத்திருந்த இலக்கு மில்லிலிட்டருக்கு 100 முதல் 150 நானோகிராம். முந்தைய நான்கு அளவுகளும் 112க்கும் 138க்கும் நடுவே இருந்தன. சிறுநீரகச் செயல் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1.2 – 1.3 மி.கி./டெ.லி. ஆறாவது மாதத்தில் பார்த்த டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 230 மி.கி./டெ.லி.; அதற்குப் பிறகு கொழுப்புப் பரிசோதனை செய்யப்படவில்லை.

முதலில் கண்டது

வழக்கமான வருகை ஒன்றில் சி-ஜீரோ 214 என்று வந்தது. இந்த ஆய்வில் அதை முதல் நாள் என்று கொள்வோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 288, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 11.4 சதவீதம், கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம் 4.4, மெக்னீசியம் 1.8, ரத்த அழுத்தம் 134/82. கை நடுக்கம் இல்லை, தலைவலி இல்லை, ஈறு வீக்கம் இல்லை.

எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தால், சைக்ளோஸ்போரின் மிகையானதற்கு ஓர் அடையாளம்கூட இல்லை. நடுக்கம், ஏறும் ரத்த அழுத்தம், ஏறும் பொட்டாசியம், இறங்கும் மெக்னீசியம், மெல்ல உயரும் கிரியாட்டினின் ஆகியவைதாம் இந்த மருந்து மிஞ்சும்போது வழக்கமாக வரும். ஐந்தில் ஒன்றும் வராமல் அளவு மட்டும் முக்கால் பங்கு ஏறியிருந்தது.

உயிர்வேதியியல் அறிக்கையின் அடியில் 'மாதிரி பால் போல் கலங்கியுள்ளது' என்று ஆய்வகம் ஒரு வரி சேர்த்திருந்தது. சைக்ளோஸ்போரின் அறிக்கை வேறு பிரிவிலிருந்து, வேறு தாளில், வேறு நேரத்தில் வந்தது. இரண்டையும் ஒருவர் கையில் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு அங்கே இல்லை.

முதல் முடிவு: டோஸைக் குறைத்தல்

குறைத்ததற்கான காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. சைக்ளோஸ்போரின் நீண்ட காலம் மிகையாக இருந்தால் ஒட்டு உறுப்பிலேயே நார்த்திசு படியும். அந்தச் சேதம் திரும்பாது. மாற்று அறுவை முடிந்து ஓராண்டு கடந்தவருக்கு 214 அதிகம். புதிதாகச் சேர்ந்த மருந்து ஏதும் இல்லை: கீட்டோகோனசோல், எரித்ரோமைசின், டில்டியாசெம் போன்று சைக்ளோஸ்போரினை உடைக்கும் சிஒய்பி3ஏ4 என்சைமைத் தடுப்பவை எதையும் அவர் எடுக்கவில்லை. காலை மருந்தை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தாரா என்றும் கேட்கப்பட்டது; இல்லை. அப்படி நடந்திருந்தால் எண் 214இல் நின்றிருக்காது, பல நூறுக்குப் போயிருக்கும். காரணம் தெரியாத ஏற்றம் என்று குறித்துக்கொண்டு 100 மி.கி. இரு வேளை என்று மாற்றினார்கள்.

பத்தாம் நாள் சி-ஜீரோ 176. மீண்டும் குறைத்து 75 மி.கி. இரு வேளை. இருபத்து நான்காம் நாள் 138. இலக்குக்குள் வந்துவிட்டது என்று கோப்பு மூடப்பட்டது.

இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். டோஸ் குறைந்த அதே விகிதத்தில்தான் அளவும் குறைந்திருக்கிறது. சொல்லப்போனால் சற்றுக் குறைவான விகிதத்தில். உடல் மருந்தைக் கழிக்க முடியாமல் திணறவில்லை. ஒரு மி.கி. மருந்துக்கு ரத்தத்தில் காணப்படும் அளவுதான் ஒரேயடியாக உயர்ந்து, அந்த உயரத்திலேயே நின்றது. டோஸுக்கும் அளவுக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்: முன்பு 1.0, இப்போது 1.7, 1.76, 1.84.

கிரியாட்டினின் ஏறியது

முப்பத்தெட்டாம் நாள் கிரியாட்டினின் 1.9. சி-ஜீரோ 141. எண் இலக்குக்குள் இருந்ததால் சைக்ளோஸ்போரின் போதாமல் போயிருக்கும் என்ற எண்ணம் முதலில் யாருக்கும் எழவில்லை. சர்க்கரை ஏறி நீர் வற்றியிருக்கலாம் என்று சலைன் 2 லிட்டர் கொடுத்தார்கள், கிரியாட்டினின் 2.0க்குப் போனது. அல்ட்ராசவுண்டில் அடைப்பு இல்லை, சிறுநீரில் தொற்று இல்லை, ஒட்டுச் சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸ் இல்லை.

இந்த இடத்தில் ஆய்வகம் செய்த ஒரு காரியம் முக்கியமானது. கிரியாட்டினினை யாஃபே முறையில் நிறம் பார்த்து அளக்கும்போது, மாதிரி பால் போல் கலங்கியிருந்தால் ஒளி சிதறி எண் பிசகும். எனவே மாதிரியை அதிவேகத்தில் சுழற்றி, மேலே மிதந்த கொழுப்புப் படலத்தை நீக்கி, கீழே தெளிந்ததை என்சைம் முறையில் மறுபடி அளந்தார்கள். அதிலும் 1.9தான். ஏற்றம் உண்மையானது.

சோடியம் 134 என்று வந்திருந்தது, அதையும் சரிபார்த்தார்கள். பெரிய தானியங்கிக் கருவிகள் மாதிரியை நீர்த்துப்போகச் செய்து, பிளாஸ்மாவில் 93 சதவீதம் நீர் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. கொழுப்பு அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் சோடியம் குறைந்ததுபோல் தெரியும். ரத்த வாயுக் கருவியில், நீர்க்காமல் நேரடியாக அளந்தபோது 137. இந்த வித்தியாசம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு: டிரைகிளிசரைடு 2,000 அளவில் இருந்தால் இரண்டு, மூன்று எண்தான் குறையும். சோடியம் 124 என்று வந்திருந்தால் அதைக் கொழுப்பின் தலையில் கட்டிவிட முடியாது. உண்மையான காரணத்தைத் தேட வேண்டும்.

நாற்பதாம் நாள் பயாப்ஸி. முடிவு: டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளணு) வழி நிராகரிப்பு, பான்ஃப் தரவரிசையில் 1ஏ. ஆன்டிபாடி தாக்கியதற்கு அடையாளமான சி4டி இல்லை, ஒட்டு உறுப்புக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இல்லை. சைக்ளோஸ்போரின் நச்சில் குழாய்ச் செல்களுக்குள் சமச்சீராகத் தோன்றும் நுண்குமிழ்களும் இல்லை.

அளவு இலக்குக்குள், நிராகரிப்பும் உண்டு

மருந்தாளுநர் பழைய தாள்களையெல்லாம் ஒரே மேசையில் பரப்பியபோதுதான் முதல் நாளின் 'பால் போல்' என்ற வரி கவனத்துக்கு வந்தது. கொழுப்பு அளக்கப்பட்டது: டிரைகிளிசரைடு 2,150, மொத்தக் கொலஸ்ட்ரால் 372. கணையப் பாதிப்பைக் காட்டும் லைபேஸ் இயல்பு, வயிற்று வலி இல்லை.

சைக்ளோஸ்போரின் கொழுப்பில் கரையும் மருந்து. வழக்கமான நிலையில் ரத்தத்தில் உள்ளதில் 41 முதல் 58 சதவீதம் சிவப்பணுக்களில் இருக்கும், 33 முதல் 47 சதவீதம் பிளாஸ்மாவில், மீதி வெள்ளணுக்களில். பிளாஸ்மாவில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் புரதங்களோடு ஒட்டியிருக்கும். அதிலும் பெரும்பகுதி, கொழுப்பைச் சுமந்து செல்லும் லிப்போபுரோட்டீன்களோடு. டிரைகிளிசரைடு பத்து மடங்கு ஏறியவரிடம் மருந்தை ஏற்றிச் செல்லும் வண்டிகள் பெருகிவிட்டன, சரக்கு அதிகமாகவில்லை.

இதன் விளைவு, வாய்வழி கொடுக்கும் மருந்தில் ஒரு குறிப்பிட்ட விதமாக இருக்கும். கல்லீரல் என்சைம்கள் கையில் சிக்குவது எதிலும் ஒட்டாத பகுதி. டி செல்லுக்குள் நுழைவதும் பெரும்பாலும் அதுவே. அந்த ஒட்டாத பகுதியின் சராசரி அளவைத் தீர்மானிப்பவை டோஸ், குடல் உறிஞ்சும் பங்கு, என்சைம்களின் திறன் ஆகிய மூன்றும். பிளாஸ்மாவில் பிடிமானம் எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. அது மொத்த அளவை மட்டும் ஏற்றும். ஆய்வகம் அளந்து தருவது மொத்தத்தை. மொத்தம் ஏறியது என்று டோஸைக் குறைத்தால், ஏறவே இல்லாத ஒட்டாத பகுதி டோஸோடு சேர்ந்து இறங்கிவிடும். 125இலிருந்து 75க்கு வந்தபோது இவருடைய டி செல்கள் கண்ட மருந்து 40 சதவீதம் குறைந்தது.

கருதுகோளைச் சோதித்தல்

இப்படி ஒரு விளக்கம் கையில் கிடைத்ததும் அதிலேயே நின்றுவிடுவது ஆபத்து. குழு நான்கு மாற்றுக் காரணங்களை வரிசையாகக் கழித்தது.

ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 38 சதவீதம், ஓராண்டாக மாற்றமில்லை. சிவப்பணு கூடினாலும் முழு ரத்த அளவு ஏறும் என்பதால் இதைப் பார்க்க வேண்டியிருந்தது. மாத்திரை உறையை எண்ணியதில் வேளை தவறவில்லை. மருந்தின் நிறுவனம் மாறவில்லை. நான்காவது, அளக்கும் முறை: ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் இம்யூனோஅஸே முறை சைக்ளோஸ்போரினின் சிதைபொருட்களையும் ஓரளவு சேர்த்து எண்ணும். அதே மாதிரியை, மருந்தை மட்டும் தனித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பியதில் 141க்குப் பதில் 127 வந்தது. இந்தப் பத்து சதவீத வித்தியாசம் எப்போதும் இருப்பதுதான். மருந்து உண்மையிலேயே ரத்தத்தில் இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒட்டாத சைக்ளோஸ்போரினை நேரடியாக அளப்பது அன்றாட ஆய்வகத்தில் நடக்காத காரியம். வடிகட்டும் சவ்விலும் பிளாஸ்டிக்கிலும் மருந்து ஒட்டிக்கொண்டு எண்ணைக் கெடுத்துவிடும். அதனால் சுற்றுவழியில் போனார்கள். ரத்தத்தை 37 டிகிரியிலேயே வைத்து, சூடாக்கிய சுழற்சிக் கருவியில் பிளாஸ்மாவைப் பிரித்து, பிளாஸ்மாவில் மட்டும் அளந்தார்கள். வெப்பநிலையை விடாமல் பிடித்துக்கொள்வது இங்கே கட்டாயம். குழாய் அறை வெப்பத்துக்கு ஆறினால் மருந்து பிளாஸ்மாவை விட்டுச் சிவப்பணுக்களுக்குள் நகர்ந்துவிடும். சைக்ளோஸ்போரினுக்கு முழு ரத்தம் பார்ப்பது வழக்கமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளாஸ்மாவில் 143 வந்தது. ரத்தத்தில் பிளாஸ்மாவின் பங்கு 0.62 என்பதால், முழு ரத்தத்தின் 127இல் 89 பிளாஸ்மாவைச் சேர்ந்தது. அணுக்களுக்கு மிஞ்சியது 38. அதாவது 70 சதவீதம் பிளாஸ்மாவில். இயல்பில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்க வேண்டிய இடம்.

இப்போது பழைய நிலையோடு ஒப்பிடலாம். கொழுப்பு இப்படி ஏறுவதற்கு முன் 125 மி.கி. டோஸில் சி-ஜீரோ சுமார் 125. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அளவில் சுமார் 112. அதில் 60 சதவீதம் அணுக்களில் என்றால் 67. டோஸ் 75 ஆனபோது அது 40 ஆக வேண்டும். கிடைத்தது 38. அணுக்களில் உள்ள மருந்து ஒட்டாத பகுதியோடு சமநிலையில் இருப்பதால் அதற்கு நல்ல மறைமுக அளவுகோல். அது டோஸைப் பின்பற்றி இறங்கியிருக்கிறது. பிளாஸ்மா மட்டும் தனியாக வீங்கியிருக்கிறது. இதற்குப் பிறகு கொழுப்புதான் காரணம் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

சிகிச்சை முடிவுகளும் காரணங்களும்

நிராகரிப்புக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் 500 மி.கி. ரத்தநாளம் வழி, மூன்று நாட்கள். சைக்ளோஸ்போரின் அன்றே 125 மி.கி. இரு வேளைக்குத் திரும்பியது.

இந்த இரண்டாவது முடிவை எடுத்தபோதே கேஸ் ஷீட்டில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது: 'அடுத்த சி-ஜீரோ 220 முதல் 240 வரை வரும். குறைக்க வேண்டாம். டிரைகிளிசரைடு இறங்க இறங்க இதே டோஸில் 120 – 140க்கு வரும். அப்போது கூட்டவும் வேண்டாம். டோஸ் மாற்றத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டியவை: நடுக்கம், தலைவலி, பார்வைக் குழப்பம், ரத்த அழுத்தம் 160க்கு மேல், மெக்னீசியம் 1.5க்குக் கீழ், கிரியாட்டினின் மீண்டும் ஏறுதல்.' எதிர்பார்க்கும் எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்தது இந்த நிகழ்வின் மிகப் பயனுள்ள ஒற்றைச் செயல் என்பது எங்கள் கருத்து.

டிரைகிளிசரைடைக் குறைக்க இன்சுலின் தொடர் ஊசி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் இன்னும் ஏறும்; 1,000க்கு மேல் இருப்பவருக்குக் கணைய அழற்சி எப்போது வேண்டுமானாலும் வரலாம். இன்சுலின், லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்சைமைத் தூண்டி டிரைகிளிசரைடை உடைக்கும். சர்க்கரைக்கும் அதே மருந்து. கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட், அதாவது மணிக்கு 6 யூனிட். சர்க்கரை 200க்குக் கீழே வந்ததும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து இன்சுலினைத் தொடர்வது. மணிக்கொரு முறை சர்க்கரை, நான்கு மணிக்கொரு முறை பொட்டாசியம். டிரைகிளிசரைடு 500க்கு அருகில் வந்ததும் நிறுத்துவது. உணவில் கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 – 15 சதவீதத்துக்குள்.

ஹெப்பாரின் வேண்டாம் என்று முடிவானது. அது இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியுள்ள லைபேஸை அவிழ்த்துவிட்டு முதலில் டிரைகிளிசரைடை இறக்கும். ஆனால் இருப்பு தீர்ந்ததும் மறுபடி ஏறும். பிளாஸ்மா பரிமாற்றம் பேசப்பட்டது; கணைய அழற்சி இல்லாததால் தேவைப்படவில்லை. அது செய்திருந்தால் சைக்ளோஸ்போரினும் கூடவே போய்விடாதா என்று ஒரு கேள்வி வந்தது. போகும், ஆனால் மிகக் குறைவாக. இந்த மருந்து உடலில் கிலோவுக்கு 3 முதல் 5 லிட்டர் அளவுக்குப் பரவி நிற்கிறது. பிளாஸ்மாவில் உள்ளது அதில் ஒரு துளி.

அதே கணக்கு இன்னொரு பயத்தையும் தீர்த்தது. கொழுப்பு வேகமாகக் கரைந்தால் அதில் ஒட்டியிருந்த மருந்து மொத்தமாக விடுபட்டு நச்சாகாதா? சுமார் 2.6 லிட்டர் பிளாஸ்மாவில், மில்லிலிட்டருக்கு 240 நானோகிராம் என்று வைத்தாலும் மொத்தம் 0.6 மி.கி. கிட்டத்தட்ட வருகிறது. நாளொன்றுக்கு வாய்வழி போவது 250 மி.கி. விடுபடுவது திசுக்களில் கரைந்து, கல்லீரலில் கழிந்துவிடும். வெள்ளம்போல் வர அங்கே சரக்கு இல்லை.

கொழுப்பு மருந்துகளைத் தேர்வதில்தான் அதிக நேரம் போனது, ஏனென்றால் சைக்ளோஸ்போரின் உள்ள உடலில் பாதி மருந்துகளைத் தொட முடியாது. சிம்வாஸ்டாட்டினும் ஜெம்ஃபிப்ரோசிலும் விலக்கப்பட்டன. சைக்ளோஸ்போரின், கல்லீரல் செல்லுக்குள் ஸ்டாட்டினை ஏற்றும் வாயிலையே அடைக்கிறது. ஸ்டாட்டின் ரத்தத்தில் பல மடங்கு தேங்கித் தசையைச் சிதைக்கும். ஃபீனோஃபைப்ரேட் டிரைகிளிசரைடுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அது தானாகவே கிரியாட்டினினை ஏற்றும். சைக்ளோஸ்போரினோடு சேர்ந்து சிறுநீரகச் செயலைக் குறைத்ததும் பதிவாகியுள்ளது. நிராகரிப்பு ஆறுகிறதா என்பதைக் கிரியாட்டினினை வைத்துத்தான் பார்க்கப் போகிறோம் எனும்போது, அந்த அளவுகோலையே கலக்கும் மருந்தைச் சேர்ப்பது சரியல்ல. பித்த அமிலத்தைப் பிடிக்கும் கொலஸ்டிரமின் டிரைகிளிசரைடை ஏற்றவே செய்யும். எடையைக் குறைக்க ஆர்லிஸ்டாட் என்று ஒரு யோசனை வந்தது. அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்போது சைக்ளோஸ்போரினையும் உறிஞ்சவிடாமல் செய்யும். இது நன்கு தெரிந்த மோதல், நிராகரிப்பு வந்தவருக்குத் தரவே கூடாது.

மிஞ்சியது ஒமேகா-3, நாளைக்கு 4 கிராம். அதுவே தொடங்கப்பட்டது. ஸ்டாட்டின் பிறகு தேவைப்பட்டால் ரோசுவாஸ்டாட்டின், 5 மி.கி.க்கு மேல் போகாமல்.

சைக்ளோஸ்போரினை விட்டு டாக்ரோலிமஸுக்கு மாறினால் என்ன என்பதும் பேசப்பட்டது. டாக்ரோலிமஸ் கொழுப்பை அவ்வளவாக ஏற்றாது. பிளாஸ்மாவில் அது முக்கியமாக ஆல்புமினோடும் ஆல்பா-1 அமில கிளைக்கோபுரோட்டீனோடும் ஒட்டும். ஆனால் சர்க்கரை நோயை அது சைக்ளோஸ்போரினைவிட மோசமாக்கும். இவருடைய டிரைகிளிசரைடு ஏறியதற்கு அடிப்படையே சர்க்கரைதான். இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று ஒத்திவைத்தார்கள். சிரோலிமஸ் பக்கம் போகவே இல்லை. அது டிரைகிளிசரைடை ஏற்றுவதில் பெயர் பெற்றது.

பின் நடந்தவை

சைக்ளோஸ்போரின் டோஸ் 125 மி.கி. இரு வேளையிலேயே நிலையாக இருக்க, எண்கள் இப்படி நகர்ந்தன:

41ஆம் நாள்: டிரைகிளிசரைடு 2,380, சி-ஜீரோ 232, கிரியாட்டினின் 2.0
43ஆம் நாள்: டிரைகிளிசரைடு 1,120, சி-ஜீரோ 178, கிரியாட்டினின் 1.8
45ஆம் நாள்: டிரைகிளிசரைடு 490, சி-ஜீரோ 143, கிரியாட்டினின் 1.6
48ஆம் நாள்: டிரைகிளிசரைடு 410, சி-ஜீரோ 133, கிரியாட்டினின் 1.5
60ஆம் நாள்: டிரைகிளிசரைடு 310, சி-ஜீரோ 126, கிரியாட்டினின் 1.4

நாற்பத்தைந்தாம் நாள், நான்கே நாளில் சி-ஜீரோ 232இலிருந்து 143க்குச் சரிந்ததைக் கண்ட பணி மருத்துவர் டோஸை 150க்கு உயர்த்த எண்ணினார். நிராகரிப்புக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் அப்படித் தோன்றுவது இயல்பு. கேஸ் ஷீட்டில் இருந்த குறிப்பு அதைத் தடுத்தது. கூட்டியிருந்தால் ஒட்டாத பகுதி ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும்; அதுவும் ஆறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தில்.

இதன் எதிர்முனை நிகழ்வு நெடுங்காலமாக அறியப்பட்டது. 1987இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் சைக்ளோஸ்போரினால் வலிப்பும் குழப்பமும் வந்தவர்களிடம் கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக, 120 மி.கி.க்கும் கீழே, இருந்ததைக் காட்டியது. வண்டிகள் குறைந்த ரத்தத்தில் மொத்த அளவு இலக்குக்குள் இருந்தால் ஒட்டாத பகுதி இலக்கைத் தாண்டிவிட்டது என்று பொருள். நம் நோயாளியின் கொலஸ்ட்ரால் 60ஆம் நாளில் 204. அந்த ஆபத்து இல்லை. இருந்தும் முதல் வாரம் மெக்னீசியம் நாள்தோறும் பார்க்கப்பட்டது. ஒரு முறை 1.5க்கு இறங்கியபோது வாய்வழி கொடுத்துச் சரிசெய்தார்கள்.

மூன்றாம் மாத முடிவில்: இன்சுலின் நான்கு வேளை ஊசியாக, ஹெச்பிஏ1சி 7.6, டிரைகிளிசரைடு 260, சி-ஜீரோ 118க்கும் 130க்கும் நடுவில், கிரியாட்டினின் 1.4. டோஸுக்கும் அளவுக்கும் உள்ள விகிதம் பழைய 1.0க்குத் திரும்பியது. கிரியாட்டினின் பழைய 1.3க்குத் திரும்பவில்லை.

எதை மாற்ற வேண்டும்

சைக்ளோஸ்போரின் அளவு டோஸ் மாறாமலே 40 சதவீதத்துக்கு மேல் ஏறினால், டோஸில் கை வைக்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: ரத்தம் எடுத்த நேரம், புதிதாகச் சேர்ந்த மருந்து, அன்றைய டிரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும். மூன்றாவது பெரும்பாலான படிவங்களில் இல்லை. நச்சின் அறிகுறி ஒன்றும் இல்லாதபோது இரண்டு நாள் பொறுத்துக் கொழுப்பு அறிக்கையைப் பார்ப்பதால் சிறுநீரகத்துக்குச் சேதம் வந்துவிடாது.

கொழுப்பு மிகுந்த நோயாளியின் அளவை அப்படியே புறக்கணிக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. லிப்போபுரோட்டீன் வெறும் சுமைதூக்கி மட்டும் அல்ல. எல்டிஎல் ஏற்பிகள் வழியாக மருந்தையும் சேர்த்து அது செல்லுக்குள் போகலாம். கொழுப்பேற்றப்பட்ட எலிகளில் சைக்ளோஸ்போரின் சிறுநீரகத் திசுவில் கூடுதலாகச் சேர்ந்ததைக் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆகவே ஒட்டாத பகுதி பற்றிய கணக்கு டோஸை நிறுத்திவைக்க உதவும். கிரியாட்டினினைப் பார்க்காமல் இருக்க உதவாது. இதே காரணத்தால், டிரைகிளிசரைடு 2,000 உள்ளவரிடம் சி-ஜீரோ 400 என்று வந்தால் அது கொழுப்பால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது. இந்த நிகழ்வில், அத்தனை கொழுப்பிலும், ஏற்றம் இரண்டு மடங்கைத் தாண்டவில்லை. பாதி மருந்து சிவப்பணுக்களில் இருப்பதால் முழு ரத்தத்தில் ஏற்றம் அந்த அளவுக்கு மட்டுப்படுகிறது.

ஆய்வகத்துக்கு ஒரு விதி: கலங்கிய மாதிரியைத் தெளியவைத்து அளக்கும் பழக்கம் கிரியாட்டினினுக்குச் சரி, கொழுப்பில் கரையும் மருந்துகளுக்குத் தவறு. அமியோடரோன் போன்று சீரத்தில் அளக்கும் மருந்தின் மாதிரியை அதிவேகத்தில் சுழற்றி மேல் படலத்தை நீக்கினால், மருந்தின் ஒரு பங்கு அந்தப் படலத்தோடு கழிவுத்தொட்டிக்குப் போகும். பொய்யான குறைந்த அளவு வரும். டிஜாக்சின், லித்தியம், ஜென்டமைசின் ஆகியவை கொழுப்போடு சேர்வதில்லை. அவற்றில் நேர்வது நீரின் இடத்தைக் கொழுப்பு அடைப்பதால் வரும் ஓரிரு சதவீதப் பிழைதான். டோஸை மாற்றும் அளவுக்கு அது பெரிதல்ல.

வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் தனி வகை. அது லிப்போபுரோட்டீனைத் தேடுவதில்லை, ஆல்புமினில் உட்காருகிறது. டிரைகிளிசரைடு உடையும்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் அதே இருக்கைக்குப் போட்டியிட்டு அதை எழுப்பிவிடும். அங்கே மொத்த அளவு குறைவாகவும் ஒட்டாத பகுதி அதிகமாகவும் தெரியும்; சைக்ளோஸ்போரினில் கண்டதற்கு நேர் எதிர்த் திசை. மயக்கத்தில் வைக்கும் புரோப்போஃபால் ஊசி ஓடிக்கொண்டிருக்கும் தீவிர சிகிச்சை நோயாளிக்கு மில்லிலிட்டருக்கு 0.1 கிராம் கொழுப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு வால்ப்ரோயேட்டும் ஓடினால் மொத்த அளவு குறைவு என்று டோஸைக் கூட்டும் முன் ஒட்டாத அளவையும் அம்மோனியாவையும் கேட்டு வாங்க வேண்டும். வால்ப்ரோயேட்டின் ஒட்டாத அளவை வடிகட்டி அளக்க முடியும் என்பது இங்கே ஒரு வசதி.

இந்த நிகழ்வுக்குப் பின் அந்த மையத்தில் சைக்ளோஸ்போரின் அறிக்கைத் தாளில் மூன்று கட்டங்கள் கூடின: டோஸ்-அளவு விகிதம், அன்றைய டிரைகிளிசரைடு, மாதிரியின் தோற்றம். கலங்கிய மாதிரி என்று உயிர்வேதியியல் பிரிவு குறித்தால் அது மருந்து அளவு பிரிவின் திரையிலும் தெரியும்படி செய்யப்பட்டது. மாற்று அறுவை நோயாளிகளுக்குக் கொழுப்புப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஒவ்வொரு சி-ஜீரோவோடும்.